பயிரை மேயும் வேலியா?

1895-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜூல்ஸ் போர்டே என்னும் பெல்ஜிய இளைஞர், காலராக் கிருமிகளை மாய்க்கும் சக்தி பெற்ற இரத்த சீரத்தை ஏறக்குறைய 55 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்தச் சக்தி அடியோடு மறைந்து போயிற்று. ஆயின், அக்கிருமியை ஒருபோதும் கண்டிராத பிராணியின் புதிய சீரத்தில் சிறிது எடுத்து அதில் விட்டதும், போன சக்தி திரும்பி வந்தது. உஷ்ணத்துக்கு அசையாத எதிர்ப்பொருளும், உஷ்ணத்தில் அழியும் துணைப்பொருளும் கூடியே கிருமியைக் கொல்கின்றன என்று அவர் தெளிந்தார். அந்தத் துணைப்பொருளுக்கு, குறையை நிரப்புவது என்ற கருத்தில், ஜெர்மானிய விஞ்ஞானி பால் ஏர்லிக் 'காம்ப்ளிமெண்ட்' என்று நாமகரணம் செய்தார். நாம் 'நிரப்பி' என்போம். போர்டேக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

நிரப்பி ஒரே பொருளன்று. முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள், பெரும்பாலும் ஈரலில் உற்பத்தியாகி, இரத்தத்தில் உறங்கியபடியே ஓடிக்கொண்டிருக்கின்றன. கிருமி நுழைந்ததும் ஒன்று விழித்து அடுத்ததை வெட்ட, அது தனக்கடுத்ததை வெட்ட, சரவெடிபோல் காரியம் நடக்கிறது. சி3, சி5 என்னும் புரதங்கள் பிளவுபடும்போது, பெரிய துண்டு கிருமியை அழிக்கும் வேலையில் இறங்க, சி3ஏ, சி5ஏ என்னும் சிறு துண்டுகள் விலகிச் சென்று, ஆபத்து வந்துவிட்டதென்று பறையறைகின்றன.

இந்தப் பறை அநாவசியமாக ஒலிப்பதில்தான் ஆஸ்துமாக்காரரின் உபத்திரவத்தில் ஒரு பங்கு அடங்கியிருக்கிறது. நாம் தலைவைத்துப் படுக்கும் தலையணைக்குள், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள தூசி உண்ணி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று வாழ்கிறது. அதன் கழிவில், ஜீரணத்துக்கு உதவிய நொதிகள் வீரியம் குன்றாமல் தங்கியிருந்து, தூசியோடு நம் மூச்சுக்குழலுக்குள் போய்ச் சேர்கின்றன. ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருள் அங்கே கிளர்ந்தெழுவது பிரசித்தமான விஷயம். அதற்கும் மேலாக, அந்நொதிகள் தாமே சி3-யையும் சி5-ஐயும் வெட்டவல்லவை என்று சோதனைக்குழாயில் கண்டிருக்கிறார்கள். சத்துருவே இல்லாத இடத்தில் பறை முழங்க, குழலின் தசை இறுகுகிறது; நுண்ணிய நாளங்கள் கசிகின்றன; சளி பெருகுகிறது; மூச்சு இரைக்கிறது. ஆஸ்துமா நோயாளிகளின் நுரையீரலில் ஒரு பகுதியில் மட்டும் ஒவ்வாத பொருளைச் சிறிதளவு செலுத்தி, பிறகு அப்பகுதியைக் கழுவியெடுத்த நீரிலும் இவ்விரு துண்டுகளும் மிகுந்திருந்தன.

அப்படியானால் வேலியே பயிரை மேய்கிறதா? 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு எலி ஆராய்ச்சிகள், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாமென்று நம்மைத் தடுக்கின்றன. சி3ஏ-யின் குரலைக் கேட்கும் ஏற்பி இல்லாத எலிகளுக்கு மூச்சுக்குழல் இறுக்கம் குறைந்தது. சி5 பிறவியிலேயே இல்லாத எலிகளோ, ஆச்சரியமாக, ஆஸ்துமாவுக்கு எளிதில் இலக்காயின. பின்னர் நடந்த பரிசோதனைகள் புதிரை அவிழ்த்தன: ஒவ்வாத பொருளோடு உடல் முதன்முதலில் பரிச்சயம் கொள்ளும் கட்டத்தில் சி5ஏ ஒவ்வாமை வேரூன்றாதபடி அடக்கிவைக்கிறது; வேரூன்றிய பிறகு அதே சி5ஏ வீக்கத்தை வளர்க்கிறது. ஆகவே, குணமும் குற்றமும் பொருளில் மட்டும் இல்லை. அது தொழிற்படும் காலத்திலும் இருக்கின்றன.

இதனால்தான் நிரப்பியை ஒரேயடியாக வாயடைப்பது விவேகமாகாது. அபூர்வமான ஓர் இரத்த நோய்க்காக 2007-இல் அங்கீகாரம் பெற்ற எக்குலிசுமாப் என்னும் மருந்து சி5-ஐத் தடுக்கிறது. அதைப் பெறுவோருக்கு மூளைக்காய்ச்சல் கிருமியின் அபாயம் பன்மடங்கு பெருகுவதால், முன்கூட்டியே தடுப்பூசி போடுகிறார்கள். ஆஸ்துமாக்காரருக்கு இன்றைய பிரதான துணை, உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்துதான். போர்டே நிரப்பியை அடக்கிய அந்த 55 டிகிரி உஷ்ணத்தை நம் இரத்தத்துக்கு ஏற்ற முடியாது. ஆனால் அதே சூட்டு வெந்நீரில் தலையணை உறையைத் துவைத்தால் தூசி உண்ணி மடிந்துபோகும். பறையை அடக்குவது அரிதெனினும், வீண் பறைக்குக் காரணமானதைக் குறைப்பது நம் வீட்டுத் துவைகல்லிலேயே தொடங்கக்கூடிய காரியம்.