அகக்காழும் இளங்கட்டையும்: சவுக்கு மர நார்களின் வேறுபாடு

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைக் காழின் இடங்கொண்டு வகுக்கிறது. புறத்தே வைரமுடையது புல். அகத்தே வைரமுடையது மரம். ஒரே தண்டின் உட்பகுதியும் புறப்பகுதியும் ஒரு தன்மையன அல்ல என்னும் நுண்ணிய நோக்கு இவ்வகைப்பாட்டின் அடிப்படையாகும். எனினும், மரத்தின் அகம் எப்போதும் வலியது என இதற்குப் பொருள் கொள்ளலாகாது என்பதை விரைந்து வளரும் தோட்ட மரமான சவுக்கு உணர்த்துகிறது.

19ஆம் நூற்றாண்டில் சென்னையின் விறகுத் தேவைக்கும் இருப்புப்பாதை எஞ்சின்களின் எரிபொருளுக்குமாகச் சோழமண்டலக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. வண்ணாரப்பேட்டையை அடுத்த இராயபுரத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி புறப்பட்டது. இன்று சவுக்கு, கட்டடச் சாரத்திற்குக் கழியாகவும் காகிதக்கூழுக்கு மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அது வெட்டப்படுகிறது.

பட்டைக்கு உட்புறமாக உள்ள கேம்பியம் என்னும் வளர்திசுவே ஆண்டுதோறும் புதிய கட்டையை உருவாக்குகிறது. அத்திசு இளமையாக இருக்கும்போது தோன்றும் நார்கள் குட்டையானவை. முதிர முதிர நீண்ட நார்கள் தோன்றுகின்றன. எனவே தண்டின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லுந்தோறும் நாரின் நீளம் கூடி, பின்னர் ஏறத்தாழ நிலைபெறுகிறது. ஊசியிலை மரமொன்றில் இவ்வொழுங்கைச் சானியோ என்னும் செருமானிய அறிஞர் 1872இல் விளக்கினார். பின்னர் அகன்ற இலை மரங்கள் பலவற்றிலும் இது காணப்பட்டது. உயரத்திற்கேற்பவும் நார்கள் வேறுபடும்: நுனிப்பகுதியில் இளங்கட்டையே மிகுதி. காற்றால் சாய்ந்த தண்டின் மேற்புறத்தில், செல்லுலோசு மிகுந்த இழுவிசைக்கட்டை உருவாகலாம்.

வைரமேறுதல் இதனின் வேறானது. நடுப்பகுதியின் உயிரணுக்கள் இறந்து, அங்கே வேதிப்பொருள்கள் படிவதால் காழ் உண்டாகிறது. அதனால் கட்டை நிறமாறலாம். பூச்சியையும் பூஞ்சையையும் தாங்கும் ஆற்றல் பெறலாம். ஆனால், காழான பின்னும் அங்குள்ள குட்டை நார்கள் நீள்வதில்லை. முதிர்ந்த மரத்தின் மையம் காழாகவும் இளங்கட்டையாகவும் ஒருங்கே இருத்தல் கூடும். இளஞ்சவுக்குக் கழியிலோ காழ் போதிய அளவு உருவாவதற்குள் கோடரி விழுந்துவிடுகிறது.

ஆகவே வெளிறு, காழ் என்னும் மரபுச்சொல் இணை ஒரு வேறுபாட்டையும், இளங்கட்டை, முதிர்கட்டை என்னும் இணை மற்றொரு வேறுபாட்டையும் சுட்டுவனவாகும். முன்னது கட்டை அடைந்த மாற்றத்தையும், பின்னது அது தோன்றிய காலத்தையும் அளவுகோலாகக் கொள்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், மரபியலின் நுட்பமும் மரவியலின் நுட்பமும் ஒருசேர மறைந்துவிடும்.