முப்பது வயதின் விலை

அமெரிக்க ஃபுட்பாலில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால், தேசிய ஃபுட்பால் லீக்கைச் சேர்ந்த 32 அணிகளின் நிர்வாகிகளும், பழைய ஒப்பந்தம் முடிந்து கட்டற்றவர்களாகிவிட்ட ஆட்டக்காரர்களை விலை பேசத் தொடங்குகிறார்கள். அவர்களுள் வைட் ரிசீவர் எனப்படும் பந்து பிடிப்பவரின் முறை வரும்போது, அவர் சென்ற ஆண்டு எத்தனை பந்துகளைப் பிடித்தார் என்ற விசாரணைக்கும் முன்பாக, அவருடைய பிறந்த தேதியைத்தான் பார்க்கிறார்கள். முப்பது தாண்டிவிட்டது என்று தெரிந்தால், மூன்று ஆண்டு பேச்சு ஓராண்டுப் பேச்சாகக் குறுகிவிடுகிறது. இந்த வழக்கத்தில் ஓரளவு விவேகம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைவிட அதிகமாக அவசரமும் அநியாயமும் கலந்திருக்கின்றன என்பதே என் அபிப்பிராயம்.

அந்த ஆட்டக்காரர் செய்கிற வேலை இன்னதென்று அறிந்தால்தான், வயது அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பது விளங்கும். கூட்டத்திலிருந்து விலகி மைதானத்தின் ஓரமாக அவர் நிற்கிறார். எதிரே அவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் நிற்கிறார். முதல் ஐந்து கஜ தூரம் வரையில் அவரைக் கையால் தள்ளித் தடுக்கக் காவலருக்கு விதி இடம் கொடுக்கிறது. அந்தத் தடையை உதறிவிட்டு, பத்துப் பன்னிரண்டு கஜம் முழு வேகத்தில் ஓடி, ஒரு காலை ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரே கணத்தில் அவர் உள்பக்கம் திரும்ப வேண்டும். அவர் திரும்பி முடிப்பதற்குள்ளாகவே, குவார்ட்டர்பேக் எறிந்த பந்து ஆகாயத்தில் வந்துகொண்டிருக்கும். இந்தக் காரியத்தில் நேரோட்டத்துக்கு வேண்டிய வேகம் ஒரு பங்கு. வேகத்தை நொடியில் அடக்கித் திரும்பும் சாமர்த்தியம், காவலரின் மனத்தை ஊகிக்கும் புத்தி, கையின் உறுதி ஆகியவை மற்றப் பங்குகள். பின்தொடைத் தசையும் முழங்காலும் தளரத் தளர முதலில் விடைபெற்றுச் செல்வது நேரோட்ட வேகமே. மற்றவை நெடுநாள் தங்குகின்றன. சிலரிடம் அப்பியாசத்தால் வளரவும் செய்கின்றன.

இதற்கு ஆன்குவான் போல்டினைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது. 2003-ஆம் ஆண்டில் இளம் ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் முகாமில் 40 கஜ தூரத்தை அவர் 4.71 விநாடியில் ஓடினார். அவருடைய ஸ்தானத்துக்கு இது மந்தமான ஓட்டம் என்று முகம் சுளித்தவர்கள் பலர். புதியவர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர ஏற்பாட்டில், அரிசோனா அணி இரண்டாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஆடிய முதல் நாளிலேயே 10 பந்துகளைப் பிடித்து 217 கஜம் ஈட்டினார். வேகத்தை நம்பி வராதவராகையால், வேகம் குறையும் வயதில் அவர் இழப்பதற்கு அதிகமாக எதுவும் இருக்கவில்லை. காவலர் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போதே, தம் சரீரத்தை இடையில் வைத்து மறைத்து, பந்தைக் கைகளால் பறித்துக்கொள்வதே அவர் கற்றிருந்த வித்தை. 2013 பிப்ரவரியில், சான் ஃபிரான்சிஸ்கோவைத் தோற்கடித்து, லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை வென்ற பால்டிமோர் அணியில் அவர் இருந்தார். வெற்றியின் ஆரவாரம் அடங்குவதற்குள், சம்பளத்தில் 20 லட்சம் டாலரை விட்டுக்கொடுக்குமாறு அணி கேட்டது, அவர் இணங்கவில்லை. உடனே, ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுரிமைக்கு ஈடாக, அவர்கள் தோற்கடித்த அதே சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அவரைக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 32. புதிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் கிரீன் பே அணிக்கு எதிராக 13 பந்துகளைப் பிடித்து 208 கஜம் ஈட்டினார்; பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 1,179 கஜம் இருந்தது. 20 லட்சத்தை மிச்சப்படுத்த நினைத்த நிர்வாகம் எதை இழந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அட்லாண்டாவின் ஜூலியோ ஜோன்ஸ் உயரமும் பலமும் அபூர்வமான வேகமும் ஒருங்கே வாய்த்தவர். 2018-இல் 1,677 கஜத்துடன் லீக்கிலேயே முதல்வராக நின்ற அவருக்கு, மறு ஆண்டு, வயது 30 நிறைந்திருந்த நிலையில், மூன்று ஆண்டுகளுக்கு 6 கோடியே 60 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் எழுதி, அதில் பெரும்பகுதிக்கு உத்தரவாதமும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே பின்தொடைத் தசையின் தொல்லையால் ஒன்பது ஆட்டங்களில்தான் அவரால் இறங்க முடிந்தது. 2021-இல் டென்னஸி அணி அவரை வாங்கியது. அங்கே அவர் ஈட்டியது 434 கஜமும், எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெறும் டச்டவுன் ஒன்றே ஒன்றும். அதற்காக முப்பதின்மேல் பழி போடுவதும் சரியல்ல; ஏனெனில் அதே 2021-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி 7 கோடியே 20 லட்சம் டாலருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் செய்த கென்னி கோலடேக்கு வயது 27 மட்டுமே. அவர் இரண்டு ஆண்டுகளில் பிடித்த பந்துகள் மொத்தம் 43, பிறகு விடுவிக்கப்பட்டார்.

நிர்வாகிகளின் பயத்துக்குக் கணக்குப் புத்தகமும் ஒரு காரணம். 1994-இல் 3 கோடியே 46 லட்சம் டாலராகத் தொடங்கிய அணிவாரிச் சம்பள வரம்பு 2025-இல் 27 கோடியே 92 லட்சத்துக்கு உயர்ந்திருக்கிறது என்றாலும், அது வரம்புதான். கையெழுத்திடும்போது ரொக்கமாகக் கொடுக்கும் போனஸை ஐந்து ஆண்டுகள் வரையில் பங்கிட்டு எழுதிக்கொள்ளலாம்; ஆனால் இடையில் ஆட்டக்காரரை விலக்கினால், எழுதாமல் விட்ட பாக்கி முழுவதும் கணக்கில் வந்து விழும். களத்தில் இல்லாத ஒருவருக்காக வரம்பின் ஒரு பகுதியை இழக்கும் அந்த அச்சமே, வயதானவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைக்காததன் உண்மையான காரணம்.

அந்த அச்சம் எப்போதும் பலிப்பதில்லை என்பதைக் காட்ட, ஜெரி ரைஸின் சரித்திரத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மிசிசிப்பியில் கொத்தனாராயிருந்த தந்தைக்கு உதவியாக, சகோதரர்கள் கீழிருந்து வீசும் செங்கற்களைச் சாரத்தின்மேல் நின்று பிடித்துப் பிடித்துக் கைபழகியவர் அவர். 1985-இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு வந்தபோது அவரையும் அதிவேக ஓட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆட்டம் இல்லாத மாதங்களில் சான் கார்லோஸ் அருகேயுள்ள எட்ஜ்வுட் பூங்காவின் இரண்டரை மைல் மலைப்பாதையில் ஏறி ஓடுவதை அவர் விரதம்போலக் கொண்டிருந்தார். பயிற்சியில் ஐந்து கஜத்துப் பந்தைப் பிடித்தாலும், அத்துடன் நில்லாமல் மைதானத்தின் எல்லைக்கோடு வரையில் முழு வேகத்தில் ஓடியே திரும்புவார். அவர் 1,848 கஜம் ஈட்டிய மிகச் சிறந்த பருவம் 1995. அப்போது வயது 33. 2001-இல், சம்பள வரம்பின் நெருக்கடியாலும், இளைஞர் டெரல் ஓவன்ஸ் தலையெடுத்துவிட்டதாலும், அணி அவரை விடுவித்தது. வளைகுடாவின் எதிர்க்கரையிலிருந்த ஓக்லண்ட் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே முதல் ஆண்டில் 83 பந்துகள், 1,139 கஜம். 40 வயது நிறைந்த இரண்டாம் ஆண்டில் 92 பந்துகள், 1,211 கஜம். அந்தப் பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் அவருடைய அணி தோற்றபோதிலும், 48 கஜத் தொலைவுக்கு ஒரு டச்டவுன் பிடித்தார்.

அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு வேறு வழியைக் கைக்கொண்டார். ஓரத்தில் ஓடிவந்தவரை, பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் உள்பக்கமாக, ஸ்லாட் என்ற இடத்தில் நிறுத்தினார். அங்கே ஓட வேண்டிய தூரம் குறைவு. இடித்துத் தடுக்கும் வேலை அதிகம். நட்சத்திர ஆட்டக்காரர் பலர் அதைத் தமக்குக் குறைவாக எண்ணுவார்கள். அவர் எண்ணவில்லை. 2015 தொடங்கி 32, 33, 34 வயதுகளில் அவர் பிடித்த பந்துகள் முறையே 109, 107, 109.

வயதைக் காட்டி முதியவரை ஒதுக்கும் இதே ஏற்பாடு, அதே வயதைக் காட்டி இளைஞரையும் வஞ்சிக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்டக்காரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. முதல் சுற்றில் வந்தவரானால் ஐந்தாவது ஆண்டையும் அணி தன் விருப்பப்படி கேட்கலாம். மூன்று பருவங்கள் முடியும் வரையில் சம்பளத்தைத் திருத்தி எழுத விதியில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் 2023-இல் ஐந்தாம் சுற்றில் வந்த பூக்கா நக்குவா, முதல் ஆண்டிலேயே 105 பந்துகள், 1,486 கஜம் என்று புதியவர்களுக்கான இரு சாதனைகளையும் தம் பெயரில் எழுதிக்கொண்டார். ஆனால் அவருடைய நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பே சுமார் 40 லட்சம் டாலர். சின்சினாட்டியின் ஜமார் சேஸுக்கு 25 வயதில் நான்கு ஆண்டுகளுக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர் கிடைத்தது உண்மை. ஆனால் கால் மிகவும் ஓடக்கூடிய வயதைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, முப்பது வருவதற்குள் ஒரே ஒரு பெரிய ஒப்பந்தத்தைத் தேடும் நிலைமையே பெரும்பாலோருக்கு.

அணி உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் 2020-இல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் 2030-ஆம் பருவம் வரையில் நடைமுறையில் இருக்கும். அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும், புதியவர்களின் நான்கு ஆண்டை மூன்றாகக் குறைக்கும்படி கேட்பதை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது.