வயரிங் வேலைக்கு உரிமம்

பல்பு, சுவிட்சு, ஃபியூஸ், மின்விசிறி ஆகியவற்றைப் பழையபடியே மாற்றிப் பொருத்த யாருக்கும் உரிமம் தேவையில்லை. 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்களுக்கும் இந்த விலக்கு உண்டு. ஆனால் சுவரில் காடி வெட்டிப் புதிதாக ஒரு பாயின்ட் இழுத்தால் அது மின்னமைப்புப் பணி. அதை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்யலாம். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரடியாகக் கவனிக்க வேண்டும். கம்பியில் கை வைப்பவரிடமும் அரசின் அனுமதி இருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதியாக இருந்த இந்த ஏற்பாடு, மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது.

தமிழ்நாட்டில் இவற்றை வழங்குவது மின் உரிமம் வழங்கும் வாரியம். பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ படித்தவர்கள் உரிய அனுபவத்தோடு சூப்பர்வைசர் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் பிரிவுகளில் தேறியவர்களுக்கு வயர்மேன் சான்று.

பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு, மேஸ்திரியோடு போய்த் தொழில் கற்றவருக்கும் வழி இருக்கிறது. அதுதான் மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிறைந்து, வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் இருந்தால் எழுதலாம். வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. இந்த ஏற்பாட்டிலேயே நியாயமான பகுதி இதுதான்: நாற்பது வயதுக்காரரின் கைப்பழக்கத்தையும் அரசு ஒரு தகுதியாக ஏற்கிறது.

ஒப்பந்ததாரர் உரிமத்துக்குப் படிப்பு மட்டும் போதாது. சான்று பெற்ற ஆட்களை வேலையில் வைத்திருக்க வேண்டும். காப்புத் தடையை அளக்கும் மெகர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகளும் கையில் இருக்க வேண்டும். கருவிகளைக் கேட்பதற்குக் காரணம், வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனை. மெயினை அணைத்து, சாதனங்களையெல்லாம் கழற்றிவிட்டு, சுவிட்சுகளை மட்டும் ஆன் நிலையில் வைத்து, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்துவார்கள். காப்புத் தடை குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். குழாய்க்குள் இழுக்கும்போது தோல் உரிந்த கம்பியும், மழைநீர் இறங்கிய ஜங்ஷன் பாக்ஸும் இந்தச் சோதனையில்தான் பிடிபடும். பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது என்பதை அறிய வேறு எளிய வழி இல்லை.

புது இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட வயரிங் நிறைவுச் சான்றைக் கேட்பது வழக்கம். நடைமுறையில் ஓட்டை விழுவதும் இந்த இடத்தில்தான். வேலை செய்தது ஒருவர், கட்டணம் வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுப்பது வேறொருவர் என்றால் மெகர் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. படிவத்தில் அளவு மட்டும் நிரப்பப்பட்டிருக்கும். பின்னாளில் மின்கசிவால் விபத்து நேர்ந்தால் விசாரணை முதலில் தேடிப்போவது அந்தக் கையெழுத்துக்காரரைத்தான்.

வீடு கட்டுகிறவர் வயரிங் தொடங்குமுன் பார்க்க வேண்டியவை இரண்டு: உரிம எண், அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பது. வேலை முடிந்ததும் சோதனையைத் தம் கண் முன்னால் செய்யச் சொல்லி, அறிக்கையின் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.