15 நாளில் இறங்காத தாமிரம்

பக்ரீத் நெருங்கும்போது, கறிக்கோழிப் பண்ணை எருவைப் 'பதப்படுத்தி' செம்மறிக் கிடாய்க்குத் தீவனத்தில் கலந்தவர்கள், விற்பதற்கு 15 நாள் முன்பு நிறுத்தினால் போதுமா என்று கேட்டு எழுதுகிறார்கள்.

போதாது. அந்த 15 நாள், அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. கோழிக்குக் கொடுத்த மருந்தின் எச்சம் கறியில் தங்கக்கூடாது என்பதற்கானது. செம்மறிக்கு எமன் வேறு: தாமிரம்.

'பதப்படுத்தியது' என்றால் என்ன? எருவைக் குவித்து, பாலித்தீன் போர்த்தி, மூன்று வாரம் மூடிவைப்பது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறி சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாகும். விற்பவர்கள் இதை வைத்தே 'பாதுகாப்பானது' என்கிறார்கள். ஆனால் தாமிரம் தனிமம், எந்தச் சூட்டிலும் அழியாது. கோழிக்குத் தீவனத்திலும் தண்ணீரிலும் தரும் மயில்துத்தத்தின் தாமிரத்தில் பெரும்பங்கு எச்சத்தோடு எருவில் சேர்ந்துவிடுகிறது. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேலும் போகும். செம்மறியின் மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 25 மில்லிகிராமே ஆபத்து.

என்னைக் கலங்கவைப்பது அடுத்து நடப்பதுதான். உபரித் தாமிரத்தைப் பித்தநீர் வழியே கழிக்கும் திறன் செம்மறிக்குக் குறைவு. அதனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் சேர்கிறது. அந்த நாட்களில் கிடாய் நன்றாகத் தின்னும், எடை ஏறும். வெளியே ஒரு குறியும் தெரியாது. பிறகு லாரியில் ஏற்றுவோம், பட்டினி போடுவோம், சந்தையில் நிறுத்துவோம். அந்த அலைச்சலில் ஈரல் செல்கள் உடைந்து தாமிரம் மொத்தமாக ரத்தத்தில் கொட்டுகிறது, சிவப்பணுக்கள் சிதைகின்றன. கீழ் இமையைப் புரட்டினால் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம். ஓரிரு நாளில் ஆடு போய்விடும். எருவை நிறுத்திப் பல வாரம் கழிந்த பிறகும் இது நடக்கும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே? இன்றே நிறுத்துங்கள், தூரப் பயணம் வேண்டாம், மாலிப்டினம் சிகிச்சை பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

மாட்டுக்கான தாது உப்புக் கலவை? செம்மறிக்கு வேண்டாம், அதிலும் தாமிரம் உண்டு.

வெள்ளாடு? தாமிரத்தைச் செம்மறியைவிடத் தாங்கும்.

எருவில் செத்த கோழி கிடந்தால்? போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம், குவியலின் சூடு அதன் கிருமி வித்துகளைக் கொல்லாது.

புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்கிறார்களே? அதில் பாதியளவு உண்மைப் புரதமல்ல, யூரிக் அமிலம் போன்ற நைட்ரஜன் சேர்மங்கள். மக்காச்சோளம் மாதிரி மாவுச்சத்து கூட இருந்தால்தான் உடம்பில் ஒட்டும்.

சட்டம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்குக் கழிவைத் தீவனமாக்கவே தடை.

எருவை என்ன செய்வது? மக்கவைத்து வயலுக்குப் போடுங்கள்.