கேட்டார்கள், நாம் சொன்னோமா?

நாளிதழின் உட்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கும் நீத்தார் அறிவிப்புகளுக்கும் நடுவே, பொடி எழுத்தில் சில அறிவிப்புகள் வருவதுண்டு. சாலையை அகலப்படுத்தப் போகிறோம், இந்த மனையைக் கடை கட்ட அனுமதிக்கப் போகிறோம், இத்தனை மரங்களை வெட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் இன்ன தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள் என்று அந்த அறிவிப்பு முடியும். பெங்களூரில் பெரும்பாலும் கன்னடத்தில் வரும். சில சமயம் ஆங்கிலத்திலும் வரும். நம்மில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்?

அதே சாலையைப் பற்றி, அதே மரத்தைப் பற்றி நமக்குக் கருத்து இல்லாமல் இல்லை. சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் நம்மவர்கள் அலசாத விஷயம் கிடையாது. போக்குவரத்து நெரிசல், ஏரி நுரை, குப்பை லாரி என்று ஆளுக்கொரு தீர்வு வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கருத்து காபி டம்ளரோடு கழுவப்பட்டுப் போகிறது. கோப்பில் ஏறுவதில்லை. இதைப் பற்றித்தான் சில விஷயங்களை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மக்கள் கருத்தைக் கேட்பதில் இரண்டு வகை உண்டு. தொலைக்காட்சியும் பத்திரிகையும் கேட்பது ஒரு வகை. "உங்கள் கருத்து என்ன? ஆம் அல்லது இல்லை" என்பார்கள். மறுநாள் இத்தனை சதவீதம் ஆம், இத்தனை சதவீதம் இல்லை என்று போடுவார்கள். இதனால் பேச்சு வளரும். மாநிலங்களுக்கிடையேயான சர்ச்சை என்றால் சூடும் வளரும். ஆனால் எந்த அதிகாரியும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல.

சட்டப்படி கேட்பது இரண்டாவது வகை. இதன் வேர் மிகப் பழையது. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. முன்கூட்டி வெளியிட்டே விதி செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் கூறினால், அரசு அந்த வரைவை வெளியிட வேண்டும். ஒரு தேதி குறிப்பிட வேண்டும். அத்தேதிக்கு முன் வந்து சேரும் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். நகரத் திட்டமிடல் சட்டங்கள், மரப் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் விதிகள் எல்லாவற்றிலும் இதே முறையைக் காணலாம். கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 மரங்களுக்கு மேல் வெட்டுவதாக இருந்தால் பொதுமக்களின் ஆட்சேபணையைக் கேட்டாக வேண்டும். மத்திய அரசும் 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. அதன்படி, சட்ட வரைவுகளை எளிய விளக்கத்தோடு குறைந்தது 30 நாட்களாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கருத்துக் கேட்பது வாக்கெடுப்பு அல்ல. பத்தாயிரம் பேர் வேண்டாம் என்றாலும் அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. பரிசீலிக்க வேண்டும், அவ்வளவுதான். சரி, யாருமே எழுதாவிட்டால்? யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று குறித்துக்கொண்டு கோப்பு நகர்ந்துவிடும். பெரிய தொழிற்சாலை, சுரங்கம், நெடுஞ்சாலை போன்றவற்றுக்கு 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. அதைத் தொடங்குவதற்குக் குறைந்தபட்ச வருகை தேவையில்லை என்று அந்த அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொன்னது கல்யாணப் பேச்சுக்கு மட்டுமல்ல போலும்!

நம் ஊரிலேயே நடந்த ஓர் உதாரணம் பாருங்கள். பசவேஸ்வரா சர்க்கிளில் இருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகுப் பாலம் கட்ட, 2016இல் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டது. செலவு சுமார் 1,790 கோடி ரூபாய். 812 மரங்கள் விழும் என்று கணக்கிட்டார்கள். விமான நிலையச் சாலையின் நெரிசல் உண்மையானதுதான். பாலம் வேண்டும் என்றவர்களுக்கும் நியாயம் இருந்தது. ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டது. வந்து சேர்ந்த பதில்கள் எத்தனை தெரியுமா? 299. அவற்றில் 73 சதவீதம் ஆதரவு என்று ஆணையம் சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 84 லட்சம் பேர். 84 லட்சம் பேர் வாழும் ஊரின் விருப்பத்துக்குச் சாட்சியாக 299 கடிதங்கள் காட்டப்பட்டன. அவற்றை எழுதியவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். எழுதாத மற்றவர்களின் எண்ணம் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

கோபம் பிறகுதான் வெளிப்பட்டது. 2016 அக்டோபர் 16ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் அந்தச் சாலையோரம் கைகோர்த்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அம்மாத இறுதியில், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2ஆம் தேதி மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. இந்த முடிவை நல்லது என்போரும் உண்டு, நஷ்டம் என்போரும் உண்டு. எப்படியானாலும், தொடக்கத்தில் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கக்கூடியதைத் தெருவில் நின்றும் தீர்ப்பாயப் படியேறியும் சொல்ல வேண்டியதாயிற்று.

மும்பையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2034 வரைக்குமான நகர வளர்ச்சித் திட்ட வரைவு அங்கே 2015 பிப்ரவரியில் வெளியானது. நகர மக்கள் வரைபடத்தை விரித்துவைத்துத் தத்தம் தெருவைத் தேடினார்கள். கட்டடம் இருக்கும் இடத்தில் சாலை வரையப்பட்டிருந்தது. பாரம்பரியக் கட்டடங்கள் சில வரைபடத்தில் சரியாக இடம்பெறவில்லை. ஆரே பகுதியின் பசுமை நிலத்தில் கட்டடங்களுக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. 60,000க்கும் மேற்பட்ட ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் போய்ச் சேர்ந்தன. ஏப்ரல் மாதத்திலேயே முதலமைச்சர் அந்த வரைவை நிறுத்தித் திருத்தி எழுதச் சொன்னார். புதிய வரைவு 2016 மே மாதம் வந்தது. அதற்கும் கருத்துக் கேட்டார்கள். 2018இல் அரசு ஒப்புதல் கிடைத்தது. எண்ணிக்கை மட்டும் இதைச் சாதித்தது என்று நான் நினைக்கவில்லை. "இந்தத் திட்டம் மோசம்" என்று எழுதுவதைவிட, "இந்தத் தெருவில், இந்த எண்ணுள்ள மனையில் நீங்கள் சாலை வரைந்திருக்கிறீர்கள், அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது" என்று எழுதுவது வலிமையானது. முதலாவதைக் கருத்து என்று ஒதுக்கிவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நாம் ஏன் எழுதுவதில்லை? சோம்பல் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது இந்த ஊரில் நம்மவர்கள் பட்ட பாட்டை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்ததை இளையவர்களும் பார்த்தார்கள். எஃகுப் பாலத்துக்கான மனிதச் சங்கிலி அதற்குச் சுமார் ஒரு மாதம் கழித்துத்தான். "வந்த இடத்தில் வாயைத் திறக்காதே, பிழைப்பைப் பார்" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது கோழைத்தனம் அல்ல. அனுபவம் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காவிரி போன்ற மாநிலச் சர்ச்சையில் மைக்கை நீட்டி யாராவது கருத்துக் கேட்டால், ஒதுங்கிப் போவது விவேகமாக இருக்கலாம். நம் தெருச் சாக்கடைக்கு மாநிலமும் இல்லை, மொழியும் இல்லை. அல்சூர் ஏரி நாறினால் தமிழ் மூக்குக்கும் கன்னட மூக்குக்கும் ஒரே நாற்றம்தான். ஆட்சேபணை எழுதுகிறவரின் தாய்மொழி என்ன, எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறார் என்று இந்தச் சட்டங்கள் கேட்பதில்லை. வரி கட்டும்போது யாரும் கேட்காததை, கருத்துச் சொல்லும்போது நாமே நம்மைக் கேட்டுக்கொள்வானேன்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். குடியிருப்பு மனை ஒன்றை வணிக உபயோகத்துக்கு மாற்றப் போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்காரர் அதைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். பள்ளியில் கன்னடம் படிக்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். பதினோரு வீட்டுக்காரர்கள் கூடினோம். தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளி எல்லோரும் உண்டு. ஒரே கடிதத்தில் பதினோரு கையெழுத்துப் போடாமல், தனித்தனியாகப் பதினோரு கடிதம் எழுதினோம். ஒருவர் தெருவின் அகலத்தை அளந்து எழுதினார். ஒருவர் குடிநீர்க் குழாயைப் பற்றி எழுதினார். நான் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி எழுதினேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முடிவில் அனுமதி கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் வண்டிகளை மனைக்குள்ளேயே நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் இன்று எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய முடிகிறது.

நீங்களும் எழுத வேண்டி வந்தால், எனக்குத் தெரிந்த சில யோசனைகள்:

முதலில் நான்கு கன்னடச் சொற்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். "பிரகடணெ" என்றால் அறிவிப்பு. "ஆக்ஷேபணெ" நம் ஆட்சேபணையேதான். "சலஹெ" என்றால் ஆலோசனை. "கொனெய தினாங்க" என்றால் கடைசித் தேதி. படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் கன்னடம் படிப்பது மதிப்பெண்ணுக்கு மட்டும் அல்ல என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

கடிதத்தின் தலைப்பில் அறிவிப்பின் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள். எந்தத் திட்டத்துக்கான கடிதம் என்று தெரியாவிட்டால் அது எந்தக் கோப்பிலும் சேராது. உங்கள் முகவரியையும், திட்டம் உங்களை எப்படித் தொடுகிறது என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம் போதும். ஆத்திரம் வேண்டாம், அளவு, எண், இடம் வேண்டும். என்ன செய்யலாம் என்ற மாற்று யோசனையையும் சேர்த்து எழுதுங்கள். திட்டம் நல்லது என்று நினைத்தால் ஆதரித்தும் எழுதுங்கள், அதுவும் கருத்துதான்.

நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கன்னடத்தில் "ஸ்வீக்ருதி" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அஞ்சலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைசித் தேதியன்று போய்ச் சேர வேண்டுமே தவிர, கடைசித் தேதியன்று புறப்பட்டால் போதாது. விசாரணைக்கு அழைத்தால் போய்விடுங்கள். அண்டை வீட்டாரையும் அழைத்துப் போங்கள்.

பதிலே இல்லையா? 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, "இன்ன தேதியில் நான் கொடுத்த ஆட்சேபணையின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

மொழியும் ஒரு தடை அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். 2020இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியானபோது இந்தக் கேள்வி எழுந்தது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று 2020 ஜூன் 30ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மத்திய அரசு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. புரியாத மொழியில் கேட்பது கேட்டதாகுமா என்ற கேள்வியை ஒரு நீதிமன்றமே எடுத்துக்கொண்டது நமக்கு முக்கியமானது. ஆனால் ஒவ்வொரு தெரு அறிவிப்புக்கும் நீதிமன்றம் வராது. அதற்கு நம் சங்கம் போன்ற அமைப்புகள்தான் கை கொடுக்க வேண்டும்.

நம் இதழில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் வரன் தேடலுக்கும் பக்கம் இருக்கிறது. மாதத்தில் வந்த அறிவிப்புகளைச் சுருக்கமாகத் தமிழில் எழுதி, கடைசித் தேதியோடு அரைப் பக்கம் வெளியிடலாமே என்பது என் யோசனை. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தெரு எந்த மாநகராட்சியில், எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை. கன்னடம் படிக்கத் தெரிந்த நான்கு இளைஞர்கள் முன்வந்தால் போதும், இதைச் செய்துவிடலாம். இந்த யோசனை பற்றி அன்பர்கள் தங்கள் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் ஆசிரியர் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.