நூற்றுக்கு நூறும் ஒன்பதாம் வகுப்புப் பையனும்

நாளை ஆய்வாளர் வருகிறார்! இந்தச் செய்தி உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்ததும் நடப்பது என்ன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். சுவருக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டு, சோதனைக் குழாய்களின் தூசி துடைக்கப்படுகிறது. மூன்று மாதத்துக் கட்டுரை நோட்டுகள் ஒரே இரவில் சிவப்பு மை காண்கின்றன. "நீ நாளைக்கு வராதே" என்று படிப்பில் பின்தங்கிய பையனின் காதில் ஓதப்படுகிறது. ஆய்வாளர் வருகிறார், பதிவேடுகளைப் புரட்டுகிறார், கையெழுத்திடுகிறார், போகிறார். மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு மீண்டும் பூட்டு!

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? தொழிற்சாலையைப் பார்வையிட அதிகாரி வரும் நாளில் மட்டும் கையுறை கிடைக்கும். இயந்திரத்துக்குத் தடுப்பு வந்துவிடும். குழாயில் நல்ல தண்ணீர் வரும். அவர் போன பிறகு விரலை இழப்பவன் தொழிலாளி. பள்ளியில் இழப்பவன் யார்? ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை!

எப்படி என்று கேட்கிறீர்களா? பள்ளியின் தரம் என்றதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பத்தாம் வகுப்பில் எத்தனை சதவிகிதம் தேர்ச்சி? அதிகாரி கேட்கிறார், பத்திரிகை கேட்கிறது, நாமும் கேட்கிறோம். நூற்றுக்கு நூறு காட்ட வழி இரண்டு உண்டு. 35 மதிப்பெண் எடுக்கத் தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுப்பது ஒன்று. அந்தப் பிள்ளையைத் தேர்வுக் கூடத்துப் பக்கமே வரவிடாமல் செய்வது மற்றொன்று. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே சல்லடை ஒன்பதாம் வகுப்பில் வைக்கப்படுகிறது. "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, டி.சி. வாங்கிக்கொண்டு போய் ஏதாவது தொழில் பழக்குங்கள்" என்று தகப்பனாரிடம் சொல்லப்படுகிறது. எல்லாப் பள்ளிகளையும் நாம் குறை கூறவில்லை. பொழுது சாய்ந்த பின்னும் இருந்து சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் ஏராளம், அவர்களை வணங்குகிறோம். ஆனால் ஒரு பள்ளியில் நடந்தாலும் கொடுமை கொடுமைதான்.

இது புதிய நோயும் அல்ல. 1862-ல் இங்கிலாந்தில் கல்வித் துறையை நடத்திய இராபர்ட் லோ ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆய்வாளர் ஆரம்பப் பள்ளிக்குச் சென்று ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் மானியத்தில் வெட்டு! விளைவு? பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை நெட்டுருப் போட்டனர். சோதிக்கப்படாத பாடங்கள் மூலையில் கிடந்தன. தாமே பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டு இதை எதிர்த்து எழுதினார். 1890களில்தான் அந்தத் திட்டம் ஒழிந்தது. அதற்குள் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற அந்த முறை கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டிருந்தது. ஒரு பள்ளி முழுவதற்கும் ஒரே சொல்லில் தீர்ப்பெழுதும் முறையை இங்கிலாந்து 2024 செப்டம்பரில்தான் கைவிட்டது.

ஆய்வே வேண்டாம் என்பதா நம் வாதம்? இல்லை! எப்படிப்பட்ட ஆய்வு என்பதே கேள்வி. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை எண்ணிப் பாருங்கள். ஆய்வாளரும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாக அமர்ந்து, இந்தப் பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் எழுதினார்கள். கட்டடம், மேசை, நாற்காலி, கரும்பலகை என்று ஊராரே முன்வந்து கொடுத்தார்கள். குறை கண்டவரே குறை தீர்க்கவும் துணை நின்றார். அது ஆய்வு!

இன்று நம் கையில் சட்டமே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பைக் கவனிப்பதும், மேம்பாட்டுத் திட்டம் தீட்டுவதும், மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அதன் வேலை. 2022-ல் தமிழ்நாடு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இக்குழுக்களைத் திருத்தி அமைத்தது.

அந்தக் கூட்டத்துக்குப் போகிறோமா? போனால் காப்பி குடித்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்புகிறோமா? இனி நான்கு கேள்விகள் கேட்போம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர், மீதிப் பேர் எங்கே? கணக்கு ஆசிரியர் இடம் எத்தனை மாதமாகக் காலி? ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் கடைசியாகக் கை வைத்தது எப்போது? பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? இவற்றைக் கேட்கப் பட்டம் வேண்டாம். ஆசிரியரைக் கூண்டில் நிறுத்தவும் வேண்டாம். காலி இடத்தை நிரப்பச் சொல்லி அவரோடு சேர்ந்து மனு எழுதுவோம்.

அரை நாள் கூலி போகுமே என்று தயங்காதீர்கள், தோழர்களே! அரை நாள் கூலி பெரிதுதான். ஒன்பதாம் வகுப்போடு வெளியேற்றப்பட்ட பிள்ளை ஆயுள் முழுதும் இழக்கும் கூலி அதனினும் பெரிது. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இன்றே பள்ளியில் கேளுங்கள்.