நிலைத்த இல்லமும் குழந்தை வளர்ச்சியும்

பெற்றோரை இழந்த குழந்தைகளையும், பெற்றோர் இருந்தும் அவரோடு வாழ இயலாத குழந்தைகளையும் இங்கிலாந்திலே உள்ளூராட்சி மன்றங்கள் பொறுப்பேற்று வளர்க்கின்றன. 2023ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அவ்வாறு வளர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 84,000 பேர். இவருள் மூவரில் இருவர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்தனர். உணவும் உடையும் கல்வியும் இவர்க்குக் கிடைக்கின்றன. ஆயின், இன்று துயிலும் வீட்டிலேயே அடுத்த ஆண்டும் துயில்வோம் என்னும் உறுதி கிடைக்கின்றதா? அவ்வோராண்டினுள்ளேயே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வாழ நேர்ந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவராவர்.

முற்காலத்தில் அரசினரின் கவலை வேறாக இருந்தது. நியூபோட் நகர மன்றத்தின் பொறுப்பிலிருந்த டெனிஸ் ஓநீல் என்னும் 12 வயதுச் சிறுவன், 1945 ஜனவரியில், சுரொப்சயர்ப் பண்ணை வீடொன்றில் வளர்ப்புத் தந்தையின் கொடுமையால் உயிர் துறந்தான். நாடு திடுக்குற்றது. மைரா கேர்ட்டிஸ் அம்மையார் தலைமையிலான குழுவின் அறிக்கை 1946இல் வெளிவந்தது. 1948இல் சிறுவர் சட்டம் பிறந்தது. கண்காணிப்பு வலுப்பெற்றது, எனினும் குழந்தையின் உள்ளத்திற்கு வேண்டிய நிலைபேற்றைக் கண்காணிப்பு ஒன்றே தந்துவிடாதன்றோ?

அதனை ஆராய்ந்தவருள் ஜோன் போல்பி முதன்மையானவர். உலக சுகாதார நிறுவனத்தின் பொருட்டு அவர் எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. பற்றுக்கொண்டவரைப் பிரியும் இளங்குழந்தை முதலில் அழுது முரண்டும். அடுத்து நம்பிக்கை இழந்து சோரும். ஈற்றில் எவரையும் நாடாது அமைதியுறும் என அவரும் ஜேம்ஸ் றொபேட்சனும் விளக்கினர். இவ்வமைதியே ஏமாற்றுவது. "குழந்தை பழகிவிட்டது" என்று மேற்பார்வையாளர் மகிழும் வேளையில், அக்குழந்தை அன்பு செலுத்துவதையே கைவிட்டிருத்தல் கூடும். பெற்ற தாயே வேண்டும் என்பது இதன் பொருளன்று; மாறாது உடனிருக்கும் ஒருவர் வேண்டும் என்பதே பொருளாம்.

இடமாற்றம் இடமாற்றத்தை வளர்க்கும். பன்முறை பெயர்க்கப்பட்ட சிறுவன் இவ்வீடும் தன்னைக் கைவிடும் என எதிர்பார்க்கின்றான். முரட்டுத்தனத்தால் வளர்ப்போரைச் சோதிக்கின்றான். அவர் மனம் தளர்ந்து, இனி இயலாது என்கின்றனர். அவன் எதிர்பார்த்தது நிகழ்ந்துவிடுகின்றது. புதிய வீட்டோடு புதிய பாடசாலையும் வரும். பழைய தோழர் மறைவர். சில வேளை உடன்பிறந்தாரும் பிரிவர். வளர்ப்போர் தொகை போதாமையால், பொருத்தம் நோக்காது, வெற்றிடம் நோக்கி அனுப்புதலும் உண்டு. குற்றம் குழந்தைமேற் சுமத்தப்படுவது பெருங்கொடுமையாகும்.

எனினும் மாற்றம் யாவும் தீதென்றல் பொருந்தாது. கொடிய வீட்டில் நிலைத்திருத்தல் நிலைபேறன்று. ஓநீலுக்கு வேண்டியது இடமாற்றமேயாம். உறவினரிடம் மீளும் நற்பெயர்வும் கணக்கில் ஒரு பெயர்வாகவே தோன்றும். ஆதலின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு நன்மை தீமை துணிதல் அரிது.

1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமும் அதன் திருத்தங்களும், இயன்றவரை உடன்பிறந்தாரை ஒருங்கு வைத்தலையும், கல்வி குலையாது காத்தலையும் கடமையாக்கின. 18 வயது நிறைந்தவர், இருபாலாரும் இசையின், 21 வயதுவரை வளர்ப்புக் குடும்பத்திலேயே தங்க மன்றங்கள் துணைபுரிதல் வேண்டுமென 2014ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயின் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தோர்க்கு அச்சட்டம் அவ்வுரிமையை வழங்கவில்லை.